நாலு பொரித்த ஓரா

நாய் பிறவுணி மூன்றாவது தடவையாகச் சத்தி எடுத்து முடித்ததும், பரமலிங்கம் பக்கத்தில் குந்தி ஒரு குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார். சோறு இருந்தது. பயறு இருந்தது. அவர் தேடியது மட்டும் இல்லை.

"என்னப்பா தேடுறியள்?" குசினி வாசலில் நின்று மகாதேவி கேட்டாள்.

"ஒண்டுமில்லை. என்ன நிறம் எண்டு பாத்தனான்."

"சத்தியிலை என்ன நிறம் பாக்கிறது? நாய்க்குச் சூடு. விட்டிட்டு எழும்புங்கோ."

பரமலிங்கம் தேடியது மீன்முள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையில் அவர் இருந்தார். நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறி அன்றோடு பன்னிரண்டு நாள்.

கொடி ஏறுவதற்கு முதல்நாளே மகாதேவி மீனும் இறைச்சியும் காய்ச்சும் மச்சச் சட்டிகளைக் கழுவி, சாக்கில் கட்டி, வளவின் பின்பக்கத்துக் கொட்டிலில் போட்டுவிடுவாள். வீட்டை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவாள். அதற்குப் பிறகு இருபத்தைந்து நாளும் அந்தக் கொக்குவில் வீட்டுப் படலைக்குள் மீன் என்ன, முட்டை கூட வர முடியாது. மீன்காரன் மணி அடித்துக்கொண்டு போனால் அவள் காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்தவர்கள் உண்டு.

இந்தச் சட்டம் பிறவுணிக்கும் சேர்த்துத்தான். முந்திய வருடங்களில் மகள் கோபிகா வீட்டில் இருந்தாள். நாயின் சாப்பாடு அவள் பொறுப்பு. அவள் கல்யாணம் முடித்துக் கனடா போனபின், இந்த வருடம்தான் முதன்முதலாக நாயும் மகாதேவியின் ஆட்சிக்குள் வந்தது. சோறும் பயத்தங்கறியும், மேலே தேங்காய்ப்பால் சொதி. கோயிலில் கொடுத்த மோதகம். வெள்ளிக்கிழமைகளில் நெய் விட்ட பொங்கல். முருகனுக்கு முன்னால் நாயென்ன மனிசரென்ன என்பது அவளுடைய நியாயம். பிறவுணி ஒருநாள்கூட எதிர்த்துக் குரைக்கவில்லை. போட்டதைத் தின்றுவிட்டு வாலை ஆட்டியது.

பரமலிங்கத்தால் அப்படி ஆட்ட முடியவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒழுங்கான மனிதர். ஏழாம் திருவிழா வரையில் எப்படியோ இழுத்துக்கொண்டு போனார். எட்டாம் நாள், நூல்நிலையத்தில் பேப்பர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மோட்டார்ச் சைக்கிளை எடுத்தவர், நேரே குருநகரில் யாகப்பு வீட்டு முற்றத்தில்தான் இறங்கினார். யாகப்பு அவரோடு ஒரே சங்கத்தில் வேலை பார்த்தவர். கிறிஸ்தவர்கள், வேதக்கார வீடு என்பதால் அங்கே கொடிக்கும் சட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்குப் பிறகு பரமலிங்கம் நாள் தவறாமல் பேப்பர் பார்க்கப் போனார். உலக நடப்பில் அவருக்கு இவ்வளவு அக்கறை வந்ததைப் பற்றி மகாதேவி அயலில் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் யாகப்பு குடும்பத்தோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டி இருந்தது. நண்பனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், பொரித்த ஓரா மீன் நாலை வாழையிலையில் சுற்றி, அதன்மேல் பேப்பர் சுற்றி, பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். நாலும் முழுமீன். தலை, வால், செட்டை எல்லாம் மொறுமொறுவென்று பொரிந்தவை.

பரமலிங்கம் அதைக் கொண்டுவந்து, தண்ணீர் மோட்டர் வைத்திருக்கும் சின்னக் கொட்டிலுக்குள் ஒரு தகர வாளியால் மூடி, வாளிக்கு மேல் ஒரு கல்லும் வைத்தார். நாலு மணிக்கு மகாதேவி பிள்ளையார் கோயில் பூசைக்குப் போவாள். அவள் படலையைச் சாத்தினால் இவர் வாளியைத் திறப்பார். திட்டத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. மத்தியானம் வயிற்றில் இடம் வேண்டும் என்று சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டார். இரண்டு மணிக்குச் சும்மா சாய்ந்தார். கண் விழித்தபோது ஐந்தேகால்.

கொட்டிலுக்கு ஓடினார். கல் ஒருபக்கம், வாளி ஒருபக்கம். வாழையிலை இரண்டாக மடிந்து நிலத்தில் கிடந்தது. விரித்துப் பார்த்தார். எண்ணெய் மினுக்கமும் நாலைந்து வெங்காயத் துண்டும்தான் மிச்சம். ஒரு தலை இல்லை, ஒரு வால் இல்லை, ஒரு முள் இல்லை. மேலே சுற்றியிருந்த பேப்பரும் இல்லை. இரண்டு முழம் தள்ளிப் பிறவுணி படுத்திருந்து நாக்கால் மூக்கை நக்கியது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, ஓராவின் முள் எப்படிப்பட்டது என்று யோசித்தபோது கோபம் போய்ப் பயம் வந்தது. கடல்காரரே கவனமாகத் தொடும் மீன் அது. அதில் நாலை முள்ளும் தலையுமாக விழுங்கிய நாயின் வயிறு என்ன ஆகும்? இலையைக் கொண்டுபோய் வேலி ஓரத்தில் புதைத்தார். ஆறு மணிக்கு மகாதேவி நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். ஆறரைக்கு நாய் சத்தி எடுக்கத் தொடங்கியது.

அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகாதேவியும் சாப்பிடவில்லை. விரத காலத்தில் மனம் நிறைந்தால் வயிறும் நிறைந்துவிடும் என்றாள். இப்படி ஒரு மனிசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தான் செய்த வேலையை நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தொண்டையில் முள் சிக்கினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்குவார்கள், இல்லையென்றால் வாழைப்பழம் சாப்பிடுவார்கள். விடிந்ததும் அவர் முதலில் சோறு உருட்டிக் கொடுத்தார். பிறகு சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த கதலிச் சீப்பில் ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தார். பிறவுணி ஆறு பழத்தையும் ஆசையாகத் தின்றது. பத்து நிமிடத்தில் ஆறையும் சாமியறை வாசலில் திருப்பிக் கொடுத்தது. அவர் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"படத்துக்கு வைச்ச பழம் எங்கை?" என்றாள் மகாதேவி.

"நான் சாப்பிட்டிட்டன்."

"பூசைக்கு முந்தியோ? ஆறு பழமோ?"

"பசிச்சுது."

பெரிய குற்றத்தை மறைக்கச் சின்னக் குற்றத்தை ஏற்றுக்கொண்டால் போதும் என்று அவர் நினைத்தார். அது போதவில்லை. அன்று காலை முழுவதும் அவருக்குப் பாட்டு நடந்தது.

ஒன்பது மணிக்கு நாய்க்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மகாதேவி கட்டுப்படுத்தும் வைத்தியத்தில் இறங்கினாள். கடுஞ்சாயத் தேத்தண்ணி வைத்தாள். மாதுளங்கோதை, பழத்தின் தோலை, அவித்து அந்தத் தண்ணீரைப் பருக்கினாள். பரமலிங்கமோ எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். முள் உள்ளே நிற்கிறது, அது வழுக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும் என்பது அவர் கணக்கு. சந்தியில் மருந்துக்கடைக்குப் போய் ஆமணக்கெண்ணெய் வாங்கிவந்து, அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினார். ஒருவர் கதவைப் பூட்ட மற்றவர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு மாதுளங்கோது கொடுத்தும் நிற்கவில்லையே என்று அவள் மேலும் அவித்தாள். இவ்வளவு போயும் ஒரு முள்கூட வரவில்லையே என்று அவர் மேலும் ஊற்றினார். பிறவுணி முற்றத்தின் நாலு மூலையும் போய்விட்டு, ஐந்தாவது மூலை தேடிக்கொண்டு நின்றது.

மத்தியானத்துக்குப் பிறகு அது எழும்பவில்லை. பிலிப்புவின் ஓட்டோவைக் கூப்பிட்டார்கள். பிலிப்பு கொக்குவில் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவர். நாய் என்றதும் யோசித்தார், பிறகு பழைய சாக்கு ஒன்றை விரித்தார். மிருக வைத்தியரின் கிளினிக் கல்வியங்காட்டில். நல்லூரைச் சுற்றிப் பாதை மறித்திருந்ததால் ஒழுங்கை ஒழுங்கையாக வளைந்து போனார்கள். நாலாவது வளைவில் ஆமணக்கெண்ணெய் தன் வேலையைக் காட்டியது.

பிலிப்பு ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நாய் ஏத்திறதெண்டுதான் சொன்னனீங்கள். உதைச் சொல்லேல்லையே."

டொக்டர் கீர்த்திகா இளம் வயது, ஆனால் கண்டிப்பான ஆள். அவருக்கு உதவியாகப் பாலேஸ்வரி என்று ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். நாயைப் பிடிப்பதும், அட்டை எழுதுவதும் அவர்தான். நாயின் பெயர், வயது, நிறம் எல்லாம் கேட்டு எழுதியபின், என்ன சாப்பிட்டது என்று டொக்டர் கேட்டார்.

"சைவம்," என்றாள் மகாதேவி. "கொடியேத்தம் துவங்கி முழுச் சைவம்."

"மீன், இறைச்சி, எலும்பு ஏதும்?"

பரமலிங்கம் மனைவியின் தோளுக்கு மேலால் டொக்டரைப் பார்த்தார். ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு கையை நெஞ்சோடு வைத்து, மீன் நீந்துவதுபோல வளைத்துக் காட்டினார்.

"ஐயாவுக்குக் கையிலை ஏதும் வருத்தமோ?" என்றார் டொக்டர்.

மகாதேவி திரும்பிப் பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. பிடிப்பு, என்றார் அவர்.

டொக்டர் நாயின் வயிற்றை அமத்திப் பார்த்து, ஊசி போட்டு, குளிசை எழுதினார். கஞ்சித் தண்ணியைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது. நாளைக்கும் சுகம் இல்லையென்றால் எக்ஸ்றே படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"படமெல்லாம் வேண்டாம் டொக்டர்," என்றாள் மகாதேவி அவசரமாக. "நாய் ஒரு மச்சமும் வாயிலை வைக்கேல்லை. அது எனக்கு வடிவாய்த் தெரியும்."

இதைக் கேட்டுப் பரமலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு வெள்ளை மனசு. தன்னுடைய வீட்டு மதிலுக்குள் ஓரா மீன் வந்து போனதை அறியாமல், டொக்டருக்கு முன்னால் அடித்துச் சத்தியம் பண்ணுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் குளிசை வேலை செய்தது. வயிற்றுப்போக்கு நின்றது. மகாதேவி முருகனுக்கு நன்றி சொன்னாள். பரமலிங்கத்தின் கணக்கு வேறு. மருந்து கதவைப் பூட்டிவிட்டது, முள் உள்ளே அகப்பட்டுவிட்டது. டொக்டருக்கு மீன் விஷயம் தெரியாததால்தானே இந்தக் குளிசையைக் கொடுத்தார்? அவர் செய்த பிழையை இவர்தான் திருத்தவேண்டும். மிச்சமிருந்த ஆமணக்கெண்ணெய் முழுவதையும் கஞ்சித் தண்ணியில் கலந்து வைத்தார்.

அடுத்தநாள் காலை பிறவுணி தலையைத் தூக்கவில்லை. கண் குழிவிழுந்து, மூக்கு காய்ந்து கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வால் நுனி மட்டும் ஒருதடவை அசைந்தது.

கோபிகா கனடாவுக்குப் போன அன்று, அவளை வழியனுப்பிவிட்டு வந்து வெறும் வீட்டில் கதிரையில் இருந்தவரின் காலடியில் வந்து படுத்தது இந்த நாய். அதுவரைக்கும் நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தவர் அவர்தான். அன்றிலிருந்து அது அவருடைய கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறது. விடிய எழும்பி அவர் முதலில் கதைப்பது அதோடுதான். பரமலிங்கம் மோட்டர்க் கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் சாரத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மானம் போனால் போகட்டும், இன்றைக்கு உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தார்.

பிலிப்பு இந்தத் தடவை சீற் முழுவதும் பொலித்தீன் விரித்துக்கொண்டே வந்தார். ஓட்டோவில் பரமலிங்கம் நாயின் தலையை மடியில் வைத்திருந்தார். மகாதேவி, எக்ஸ்றே எடுக்கத்தான் வேண்டுமோ என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

கிளினிக் வாசலில் வைத்து அவர் அவளிடம், வயிற்றுப்போக்குக்கு நாய்க்குக் கரைத்துக் கொடுக்க ஜீவனித் தூள் வேண்டும், எதிர்க் கடையில் வாங்கி வா என்றார். அவள் தயங்கித் தயங்கிப் போனாள். அவள் தெருவைக் கடந்ததும் இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"டொக்டர், நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

டொக்டர் நிமிர்ந்தார். நாயின் காலில் சேலைன் ஊசிக்கு இடம் தேடிக்கொண்டிருந்த பாலேஸ்வரியும் நிமிர்ந்தார்.

பரமலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். நூல்நிலையம், யாகப்பு, நாலு ஓரா, வாளி, கல், நித்திரை. ஆமணக்கெண்ணெய் என்ற இடத்தில் டொக்டரின் முகம் மாறியது. எவ்வளவு என்று கேட்டார். போத்தல் முழுவதும் என்றதும் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"முள்ளு நாயைக் கொல்லுதோ இல்லையோ, ஐயா, நீங்கள் கொல்லப் பாத்திருக்கிறியள்."

"எனக்குத் தெரியும் டொக்டர். நீங்கள் என்னை எவ்வளவும் பேசுங்கோ. ஆனால் ஒப்பரேசன் செய்தெண்டாலும் இதைக் காப்பாத்தித் தாங்கோ. மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. முப்பத்திநாலு வருசமாய் அவள் அந்த வீட்டிலை ஒரு விரதத்தையும் பிழை போக விட்டதில்லை."

டொக்டர் நாயைப் படம் எடுக்கும் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பரமலிங்கம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தெரிந்த தேவாரம் எல்லாம் சொன்னார். யாகப்புவின் அந்தோனியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்.

கால் மணித்தியாலத்தில் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கம்பியூட்டர் திரையில் பிறவுணியின் உள்பக்கம் சாம்பலும் கறுப்புமாகத் தெரிந்தது. பிறவுணி மேசையில் படுத்திருந்தது. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது.

"இஞ்சை பாருங்கோ," என்றார் டொக்டர். "இது இரைப்பை, இது குடல். முள்ளு இருந்தால் வெள்ளையாய்த் தெரியும். ஒண்டும் இல்லை. காத்துத்தான் நிறைஞ்சு கிடக்கு."

"அப்ப முள்ளெல்லாம் போயிட்டுதோ?"

"இருந்தாலெல்லோ போறதுக்கு? நாலு ஓராவைத் தலையோடை விழுங்கின வயிறு இப்பிடி இராது, ஐயா. இதுக்குப் பன்ரெண்டு நாளாய்த் தேங்காய்ப்பாலும் நெய்யும் மோதகமும் பயறும் குடுத்திருக்கிறியள். பழக்கமில்லாத வயிறு. அதுதான் முதல் வருத்தம். மிச்சமெல்லாம் நீங்கள் ரெண்டுபேரும் செய்த வைத்தியம். ரெண்டு நாள் சேலைன் ஏத்தினால் எழும்பி ஓடும். பிறகு மீன் அவிச்சுச் சோத்தோடை குழைச்சுக் குடுங்கோ."

பரமலிங்கம் மேசையில் சாய்ந்து நாயின் தலையைத் தடவினார். பிறவுணி அவர் கையை நக்கியது. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் எழுதுவினைஞராக முப்பது வருடம் இருந்தவர் ஆனபடியால், ஒரு விஷயம் ஒத்துவராமல் அவரை உறுத்தியது.

"இல்லை டொக்டர். மீன் இருந்தது. நான் என்ரை கையாலை வைச்சனான். போய்ப் பாக்கேக்கை ஒரு முள்ளுமில்லை. கல்லு ஒருபக்கம் எடுத்து வைச்சிருந்தது. சுத்தின பேப்பரையும் காணேல்லை. இலை வடிவாய் ரெண்டாய் மடிச்சு..."

அவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

டொக்டர் திரையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். கதவுக் கண்ணாடியால் வெளியே வாங்கு தெரிந்தது. மகாதேவி ஜீவனிப் பைக்கற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கும் அறையின் கதவையே பார்த்தபடி இருந்தாள். முகத்தில் வேர்வை விபூதியைக் கரைத்திருந்தது.

பாலேஸ்வரி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பேனையைத் திறந்தார்.

"வீட்டிலை எத்தினை பேர், ஐயா?"

"நானும் மனுசியும்தான்."

பாலேஸ்வரி அவரைப் பார்த்தார், கண்ணாடியால் வெளியே பார்த்தார், பிறகு குனிந்து பிறவுணியின் நெற்றியை ஒருதடவை மரியாதையாகத் தடவினார்.

"அப்ப உங்கடை வீட்டிலை இந்த வருசம் விரதம் பிடிச்சது இந்த நாய் ஒண்டுதான்."